கொள்ளை நோயும் உள்ளத்தின் அமானிதமும்

 

 

2020 மார்ச் 11ஆம் திகதி, கொவிட் 19 உலகளாவிய கொள்ளை நோயாகப் பரவிவிட்டது என உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அதன் அவசர நிலை முடிவுற்றதாக அதே நிறுவனம் 2023 மே 5ஆம் திகதி அறிவித்தது. 2020, 2021 ஆகிய இரு ஆண்டுகளில் மாத்திரம் வழமையை விட ஏறத்தாழ 1 கோடி 49 இலட்சம் மரணங்கள் மேலதிகமாக நிகழ்ந்தன என்பது அந்நிறுவனத்தின் மதிப்பீடாகும். இன்று முகக்கவசங்களைக் கழற்றிவிட்டோம். பள்ளிவாசல்களில் தோளோடு தோள் சேர்த்து நிற்கின்றோம். எனினும் அந்நாட்களில் உள்ளத்தில் ஏற்பட்ட காயம் எல்லோருக்கும் ஆறிவிட்டதா என்பதை நாம் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டதுண்டா?

கேட்காமல் இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. “ஈமான் உள்ளவனுக்கு மனநோய் எப்படி வரும்? தொழுதால், ஓதினால் எல்லாம் சரியாகிவிடும்” என்று நம்மில் பலர் சொல்லிப் பழகியிருக்கின்றோம். நல்லெண்ணத்தோடுதான் அவ்வாறு சொல்கின்றோம். ஆனால் அதைக் கேட்ட பிள்ளை தன் வேதனையை மறைத்துக்கொள்கின்றது. தன் ஈமானில்தான் குறை என்று தன்னையே பழிக்கத் தொடங்குகின்றது. நோய் ஒன்றாக இருந்தது, இப்போது இரண்டாகின்றது. எனவே இக்கேள்வியை மார்க்கத்தின் ஒளியிலும் மருத்துவத்தின் ஒளியிலும் சிந்திக்க நாம் கடமைப்பட்டுள்ளோம்.

கவலை ஈமானின் குறைவா?

ஸூரது யூஸுபை ஓதிப் பாருங்கள். நபி யஃகூப் (அலை) அவர்கள் தம் மகனைப் பிரிந்த துக்கத்தால் கண் பார்வையையே இழந்தார்கள் என்று அல்குர்ஆன் கூறுகின்றது. அழகிய பொறுமையைக் கைக்கொண்டவர் என்று போற்றப்படுபவரும் அவர்களே. துக்கமும் பொறுமையும் ஒரே உள்ளத்தில் குடியிருக்க முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? ஸூரது மர்யமில், பிரசவ வேதனையின் உச்சத்தில் மர்யம் (அலை) அவர்கள், இதற்கு முன்பே தாம் இறந்து மறக்கப்பட்டிருக்கக் கூடாதா என்று ஏங்கியது பதிவாகியுள்ளது. அல்லாஹ் அவரைக் கண்டிக்கவில்லை. கவலை வேண்டாம் என்ற ஆறுதலையும், உண்ணப் பேரீச்சம் பழத்தையும், பருக நீரையும் கொடுத்தான். முதலில் ஆறுதல், அடுத்து உணவு. துன்பத்தில் இருப்பவரை நடத்த வேண்டிய முறை இதுவே.

நபி (ஸல்) அவர்கள், அன்னை கதீஜா (ரழி) அவர்களையும் பெரிய தந்தை அபூதாலிபையும் இழந்த ஆண்டு, வரலாற்றில் துக்க ஆண்டு என்றே அழைக்கப்படுகின்றது. குழந்தை இப்ராஹீம் மரணித்த வேளை அன்னாரின் கண்கள் கண்ணீர் சொரிந்தன. அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரழி) அவர்கள் வியப்புற்றுக் கேட்டபோது, அது இரக்கம் என விளக்கினார்கள். கவலையிலிருந்தும் துக்கத்திலிருந்தும் பாதுகாப்புத் தேடும் துஆவை அன்னார் அதிகமாக ஓதிவந்ததை ஹதீஸ் நூல்களில் காண்கின்றோம். கவலை என்பதே ஒரு முஃமினை அணுகாதெனில் அந்த துஆவுக்கு என்ன தேவை இருந்திருக்கும்?

ஸஹீஹுல் புகாரிக்கு ‘ஃபத்ஹுல் பாரி’ என்ற மாபெரும் விரிவுரை எழுதிய இமாம் இப்னு ஹஜர் அல் அஸ்கலானி (ரஹ்) அவர்கள், கெய்ரோவைத் தாக்கிய கொள்ளை நோய்களில் தம் மகள்மார் மூவரைப் பறிகொடுத்தவர்கள். ஹிஜ்ரி 819இல் இருவர், ஹிஜ்ரி 833இல் மூத்தவர். அந்த இழப்புகளுக்கிடையே தாஊன் நோய் பற்றி ‘பத்லுல் மாஊன்’ என்ற தனி நூலை எழுதி முடித்தார்கள். ஹதீஸ் கலையின் சிகரத்தில் நின்ற ஒருவரின் வீட்டையும் நோய் தட்டியது. அவர் தம் துயரத்தை மறைக்கவில்லை. பிறருக்குப் பயன்படும் அறிவாக அதை மாற்றினார்.

அம்வாஸ் கற்பித்த பாடம்

ஹிஜ்ரி 18இல் ஷாம் தேசத்தின் அம்வாஸ் பகுதியில் தாஊன் பரவியது. அவ்வேளை கலீபா உமர் (ரழி) அவர்கள் ஷாமை நோக்கிப் பயணித்துக்கொண்டிருந்தார்கள். ஸர்க் என்னும் இடத்தில் தளபதி அபூ உபைதா (ரழி) அவர்கள் எதிர்கொண்டு வந்து நோய்ச் செய்தியைத் தெரிவித்தார்கள். உமர் (ரழி) அவர்கள் உடனே கட்டளை எதனையும் பிறப்பிக்கவில்லை. முஹாஜிர்களை அழைத்துக் கலந்தாலோசித்தார்கள். கருத்து வேறுபட்டது. அன்ஸாரிகளை அழைத்தார்கள். அவர்களிடையேயும் கருத்து வேறுபட்டது. பின்னர் குறைஷி மூத்தோரை அழைத்தார்கள். திரும்பிச் செல்வதே நன்று என அவர்கள் ஒருமித்துக் கூறினர். அம்முடிவு மக்களுக்குப் பகிரங்கமாக அறிவிக்கப்பட்டது.

அல்லாஹ்வின் விதியிலிருந்து வெருண்டோடுவதா என அபூ உபைதா (ரழி) அவர்கள் கேட்டார்கள். கலீபா சினந்து அவரை அடக்கவில்லை. ஒரு விதியிலிருந்து இன்னொரு விதியை நோக்கியே செல்கின்றோம் என்பதை, செழிப்பான கரையும் வறண்ட கரையும் கொண்ட பள்ளத்தாக்கில் ஒட்டகம் மேய்ப்பவனின் உதாரணத்தால் விளக்கினார்கள். நோயுள்ள ஊருக்குள் நுழையவும் வேண்டாம், அவ்வூரில் இருப்போர் தப்பியோடவும் வேண்டாம் என்ற நபிமொழியை அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரழி) அவர்கள் பின்னர் வந்து அறிவித்தபோது எல்லோர் உள்ளமும் அமைதி கண்டது.

இந்நிகழ்வை நோய்த் தடுப்புக்கு ஆதாரமாக நாம் பலமுறை கேட்டிருக்கின்றோம். உளநலத்துக்கும் இதில் பாடம் உண்டு. உண்மை மறைக்கப்படவில்லை. பாதிக்கப்படுவோரிடம் ஆலோசனை கேட்கப்பட்டது. கேள்வி கேட்டவர் மதிக்கப்பட்டார். முடிவுக்குக் காரணம் சொல்லப்பட்டது. அச்சம் நிறைந்த காலத்தில் ஒரு சமூகத்தின் உள்ளத்தைக் காப்பவை இந்நான்குமே. நோயை விட வேகமாகப் பரவுவது வதந்தி. உண்மை பேசும் தலைமை இல்லாத இடத்தில்தான் அது செழித்து வளரும்.

கொள்ளை நோய் உள்ளத்தைத் தாக்கும் விதம்

அச்சம் அல்லாஹ் நமக்குத் தந்த ஒரு காவலாளி. ஆபத்தைக் கண்டதும் இதயம் வேகமாகத் துடிக்கின்றது, தசைகள் இறுகுகின்றன, தூக்கம் விலகுகின்றது. ஆபத்து நீங்கியதும் உடல் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். கொள்ளை நோயிலோ ஆபத்து கண்ணுக்குத் தெரிவதில்லை. என்று முடியும் என்பதும் தெரிவதில்லை. எனவே காவலாளி மாதக்கணக்கில் ஓய்வின்றி விழித்திருக்கின்றான். அதனால் உடலும் உள்ளமும் தேய்கின்றன.

இதனுடன் வேறு சுமைகளும் சேர்கின்றன. அன்றாடம் உழைத்து உண்போரின் வருமானம் நின்றுபோகின்றது. நம் நாட்டில் 2020 மார்ச் 20ஆம் திகதி பிறப்பிக்கப்பட்ட ஊரடங்குச் சட்டம் வாரக்கணக்கில் நீடித்தபோது, நாட்கூலித் தொழிலாளியும் நடைபாதை வியாபாரியும் பட்ட துயரை நாம் கண்டோம். பாடசாலை மூடப்பட்டதால் பிள்ளைகள் நண்பர்களை இழந்தனர். முதியோர் பேரப்பிள்ளைகளைக் காணாது தனித்தனர். தராவீஹ் தொழுகைக்குப் பள்ளிவாசல் செல்ல முடியாத ரமழான் வந்தது. நோயாளி மரணிக்கையில் உறவினர் அருகில் இல்லை. நோய் நீங்கிய பின்னும் சிலரை மாதக்கணக்கில் களைப்பும், மறதியும், தூக்கக் கோளாறும் வாட்டின.

விளைவு என்ன? முதலாம் ஆண்டில் மனச்சோர்வு நோயும் பதற்ற நோயும் உலகளவில் ஏறத்தாழ 25 வீதத்தால் அதிகரித்தன என உலக சுகாதார நிறுவனம் 2022 மார்ச் மாதம் அறிவித்தது. மிக அதிகமாகப் பாதிக்கப்பட்டோர் இளைஞர்களும் பெண்களும் ஆவர். அதாவது, இப்பக்கங்களை வாசிக்கும் உங்கள் வயதினரும் உங்கள் தாய்மாருமே.

நம் சமூகத்தில் சிறப்பாகக் கவனிக்க வேண்டிய ஒன்று வஸ்வாஸ். கை கழுவுதல் அவசியமாக இருந்த அக்காலத்தில் சிலர் கை கழுவுவதை நிறுத்த முடியாமல் தவித்தனர். ஒளுச் செய்த பின்னும் நனையாத இடம் இருக்குமோ என்று மீண்டும் மீண்டும் ஒளுச் செய்வோர், தக்பீரைத் திரும்பத் திரும்பச் சொல்வோர் நம்மிடையே முன்பும் இருந்தனர். அவர்களுள் பலரின் துன்பம் இக்காலத்தில் மேலும் கூடியது. இதைப் பேணுதல் என்று எண்ணிப் பாராட்டுவதும் தவறு, பைத்தியம் என்று ஏளனம் செய்வதும் தவறு. இது சிகிச்சையால் குணப்படுத்தக்கூடிய நோய். வஸ்வாஸ் உள்ளவர் அச்சந்தேகத்தைப் பொருட்படுத்தாது தொடர்ந்து செல்ல வேண்டும் என்பது ஃபுகஹாக்களின் வழிகாட்டல். சந்தேகம் எழும்போது அதற்கு அடிபணியாதிருக்கச் சிறிது சிறிதாகப் பயிற்றுவதே இன்றைய உளநல வைத்தியர் கையாளும் முறையும் ஆகும்.

வைத்திய சேவையும் சோர்வுறும்

நோயாளிக்கு உள்ளம் இருப்பது போல் வைத்தியருக்கும் தாதிக்கும் உள்ளம் உண்டு. 2003இல் ஸார்ஸ் நோய் கனடாவின் டொரொன்டோ நகரைத் தாக்கியது. அங்கு நோயாளரைப் பராமரித்த ஊழியர்களிடம் ஓரிரு ஆண்டுகள் கழிந்த பின்னரும் கடும் சோர்வும் மனவேதனையும் காணப்பட்டதை ஆய்வாளர்கள் பதிவு செய்தனர். கொவிட் காலத்திலோ, 2020 ஜனவரி முதல் 2021 மே வரை உலகில் 1,15,500 சுகாதார ஊழியர்கள் இந்நோயால் உயிரிழந்திருக்கலாம் என உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. நம் ஊர்களின் தாதியர், பொதுச் சுகாதாரப் பரிசோதகர், வைத்தியசாலைச் சிற்றூழியர் ஆகியோரும் வீட்டுக்கு நோயைக் கொண்டுசென்று விடுவோமோ என்ற அச்சத்துடனேயே நாள்தோறும் கடமைக்குச் சென்றனர். அவர்களைக் கண்டு அயலவர் கதவடைத்த வீதிகளும் இருந்தன. அது நாம் இழைத்த அநீதி.

உளநல சேவை தேவைப்பட்ட வேளையில்தான் அது முதலில் தடைப்பட்டது. 2020இல் உலக சுகாதார நிறுவனம் 130 நாடுகளில் நடத்திய ஆய்வில், 93 வீதமான நாடுகளில் ஏதேனுமொரு உளநல சேவை தடைப்பட்டிருந்தது தெரியவந்தது. அரசாங்கங்கள் தமது சுகாதாரச் செலவில் சராசரியாக 2 வீதமளவையே உளநலத்துக்கு ஒதுக்குகின்றன. மழைக்காலத்துக்கு முன் கூரையைச் செப்பனிடாதவன் மழையில் நனைவது போன்றதே இது.

நமது நாட்டின் அனுபவம் நம்பிக்கையும் தருகின்றது. 2004 டிசம்பர் 26இல் சுனாமி, கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை உட்படக் கிழக்குக் கரையோரத்தை அழித்தது. அதுவரை உளநல சேவையின் பெரும்பகுதி கொழும்பை அண்டிய பெரிய வைத்தியசாலைகளிலேயே குவிந்திருந்தது. அவ்வழிவின் பின் 2005இல் தேசிய உளநலக் கொள்கை வகுக்கப்பட்டு, சேவை மாவட்டங்களுக்குப் பரவலாக்கப்பட்டது. இன்று உங்கள் மாவட்டத்து அரசாங்க வைத்தியசாலையில் உளநலச் சிகிச்சை நிலையம் இயங்குகின்றதென்றால் அத்துயரத்தின் பின் விதைக்கப்பட்ட விதையும் அதில் உண்டு.

ஜனாஸாவும் நம்பிக்கையும்

சுகாதார சேவையை மக்கள் நம்பினால்தான் நோயாளி வைத்தியசாலைக்கு வருவார். நம்பிக்கை முறிந்தால் நோய் மறைக்கப்படும். 2014இல் மேற்கு ஆபிரிக்காவின் கினி, லைபீரியா, சியரா லியோன் ஆகிய நாடுகளில் எபோலா பரவியபோது இது தெளிவாகத் தெரிந்தது. இறந்தோரின் உடல்கள் சடங்குகளின்றி அகற்றப்பட்டதால் மக்கள் நோயாளரையும் மரணித்தோரையும் மறைத்தனர். நோய் மேலும் பரவியது. அதன்பின் உலக சுகாதார நிறுவனம் முஸ்லிம், கிறிஸ்தவ அமைப்புகளோடு கலந்தாலோசித்து, பாதுகாப்பும் கண்ணியமும் கொண்ட அடக்கமுறையை அவ்வாண்டு நவம்பரில் வெளியிட்டது. உடலைத் தொட்டுக் குளிப்பாட்டுவது ஆபத்தானதால் முஸ்லிம்களுக்குத் தயம்மும் முறைக்கும் கபனிடுதலுக்கும் அதில் இடமளிக்கப்பட்டது. கண்ணியம் காக்கப்பட்ட இடத்தில் ஒத்துழைப்புப் பெருகியது.

இப்பாடம் அறியப்பட்டிருந்தும் நமது தாயகத்தில் நடந்ததை நாம் அறிவோம். அடக்கம், தகனம் ஆகிய இரண்டுமே பாதுகாப்பானவை என 2020 மார்ச் 24இல் உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டியிருந்தது. ஆயினும் அம்மாத இறுதியில் முதலாவது முஸ்லிம் ஜனாஸா எரியூட்டப்பட்டது. ஏப்ரல் 11ஆம் திகதிய வர்த்தமானி அறிவித்தல் தகனத்தைக் கட்டாயமாக்கியது. டிசம்பரில், பிறந்து 20 நாட்களேயான ஒரு சிசுவின் உடலும் பெற்றோரின் சம்மதமின்றி பொரளையில் எரியூட்டப்பட்டது. பொரளை மயானத்தின் வேலியில் மக்கள் வெள்ளைத் துணிகளைக் கட்டித் தம் துயரைத் தெரிவித்தனர். அவர்களுள் பௌத்த, இந்து, கிறிஸ்தவச் சகோதரர்களும் இருந்தனர் என்பதை நாம் என்றும் மறக்கலாகாது. 2021 பெப்ரவரி 25இல் அடக்கத்துக்கு அனுமதி கிடைத்தது. மார்ச் 5 முதல் ஓட்டமாவடி மஜ்மா நகரில் நல்லடக்கம் ஆரம்பமானது. அங்கு 3,600க்கும் மேற்பட்டோர் துயில்கின்றனர். பிற சமயத்தவரும் அவர்களுள் அடங்குவர். 2024 ஜூலையில் அமைச்சரவை கட்டாயத் தகனத்துக்காக மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது.

அன்பர்களே! பழைய கணக்கைப் புதுப்பிப்பதற்காக இவற்றை இங்கு நினைவூட்டவில்லை. அந்நாட்களில் காய்ச்சலை விட, மரணித்தால் எரித்துவிடுவார்களோ என்ற அச்சம் பெரிதாக இருந்தது. அதனால் வைத்தியசாலைக்குச் செல்லத் தயங்கியோர் இருந்தனர். ஜனாஸாவைக் குளிப்பாட்டி, கபனிட்டு, தொழுவித்து, மண்ணறையில் இறக்குவது மரணித்தவருக்கு நாம் செலுத்தும் கடன். உயிரோடிருப்போரின் துக்கத்துக்கு அது மருந்தும் ஆகும். அது தடைப்பட்டால் துக்கம் முடிவுறாமல் நெஞ்சில் தேங்கிவிடும். வாப்பாவுக்கு இறுதிக் கடமையைச் செய்யவில்லையே என்ற குற்றவுணர்வோடு வாழும் பிள்ளைகள் இன்றும் உள்ளனர். அவர்களுக்கு நாம் உறுதியாகச் சொல்ல வேண்டியது இதுவே: குற்றம் உங்களுடையதன்று. எவர் மீதும் அவரது சக்திக்கு மீறியதை அல்லாஹ் சுமத்துவதில்லை என்பது ஸூரதுல் பகராவின் இறுதி வசனம் தரும் உறுதி. தன்னை எரித்துச் சாம்பலைத் தூவிவிடுமாறு பிள்ளைகளிடம் கூறிய ஒருவரின் செய்தி ஹதீஸில் வந்துள்ளது. அவருடைய சாம்பலையும் ஒன்றுசேர்த்து எழுப்பி, அவரை மன்னித்த றப்பு அல்லாஹ். பொறுமையோடு கொள்ளை நோயில் மரணித்தோருக்கு ஷஹீதின் கூலி உண்டென்றும் நபி (ஸல்) அவர்கள் நற்செய்தி கூறியுள்ளார்கள்.

பள்ளிவாசல் மூடப்பட்ட நாட்களை எண்ணிக் குற்றவுணர்வு கொள்வோரும் இருக்கின்றனர். ஹிஜ்ரி 833இல் கெய்ரோவில் நோய் தோன்றியபோது நாளொன்றுக்கு நாற்பதுக்கும் குறைவானோரே மரணித்து வந்தனர். மக்கள் பாலைவெளியில் பெருந்திரளாகக் கூடி துஆச் செய்து திரும்பினர். ஒரு மாதம் கழியுமுன் மரணம் நாளொன்றுக்கு ஆயிரத்தைத் தாண்டியது என இமாம் இப்னு ஹஜர் (ரஹ்) பதிவு செய்துள்ளார்கள். உயிர் காக்க வீட்டில் தொழுததும் இபாதத்தே.

பெற்றோர்களுக்கு

துக்கத்தையும் நோயையும் பிரித்தறியக் கற்றுக்கொள்ளுங்கள். துக்கம் அலைபோல் வந்து போகும். இடையில் சிரிப்பும் பசியும் இருக்கும். இரண்டு வாரங்களுக்கு மேலாக நாளின் பெரும்பகுதி சோர்வு, முன்பு விரும்பிய எதிலும் நாட்டமின்மை, தூக்கமும் பசியும் குலைதல், தான் எதற்கும் உதவாதவன் என்ற எண்ணம் ஆகியன தொடருமாயின் வைத்திய உதவி தேவை. சிறு பிள்ளைகள் தம் கவலையைச் சொல்லத் தெரியாதவர்கள். காரணமில்லாத வயிற்றுவலி, மறுபடி படுக்கையை நனைத்தல், தாயை விட்டகல மறுத்தல், திடீர்ச் சினம் ஆகியவையே அவர்களின் மொழி.

ஆண்பிள்ளை அழக்கூடாது என்று சொல்லாதீர்கள். தம் மகனுக்காக அழுதவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள். “மற்றப் பிள்ளைகளைப் பார்” என்ற ஒப்பீடும் வேண்டாம். மஃரிபுக்குப் பின் தொலைபேசிகளை ஒதுக்கிவைத்து, கால் மணி நேரம் பிள்ளை பேசுவதைக் கேளுங்கள். இடையில் உபதேசம் செய்யாமல் கேளுங்கள்.

துஆவும் குர்ஆன் ஓதலும் உள்ளத்துக்கு அருமருந்து. அதனால் வைத்தியரின் மருந்து தேவையற்றதாகிவிடாது. நோயைத் தந்த அல்லாஹ் அதற்கு நிவாரணத்தையும் இறக்கியுள்ளான், சிகிச்சை பெறுங்கள் என்பதே நபிவழி. பேய் பிடித்தது, செய்வினை என்று கூறிப் பணம் பறிப்போரிடமும், ஓதிப் பார்த்தல் என்ற பெயரில் பிள்ளையை அடித்துத் துன்புறுத்துவோரிடமும் உங்கள் அமானிதத்தை ஒப்படைக்காதீர்கள். வைத்தியர் தரும் மனச்சோர்வு மருந்துகள் போதைப்பொருளன்று. அவற்றைத் திடீரென நிறுத்தவும் கூடாது. ரமழானில் மருந்து எடுக்கும் நேரத்தை வைத்தியரிடம் முன்கூட்டியே கேட்டு ஒழுங்கு செய்துகொள்ளுங்கள்.

இளைஞர்களுக்கு

ஹிஜ்ரி 322இல் வபாத்தான அறிஞர் அபூ ஸைத் அல் பல்கீ, உடலுக்கும் உள்ளத்துக்கும் தனித்தனியே ஆரோக்கியமும் நோயும் உண்டென விளக்கி ஒரு நூல் எழுதினார். திடீர் நோய்க்காக வீட்டில் மருந்து சேமித்து வைப்பது போல, துன்பம் வரும்போது கைகொடுக்கும் நல்லெண்ணங்களைச் சுகமாக இருக்கும்போதே சேமிக்க வேண்டும் என்பது அவரது அறிவுரை. ஐவேளைத் தொழுகை, ஒழுங்கான தூக்கம், உடற்பயிற்சி, மனம்விட்டுப் பேச ஒரு நண்பன் ஆகியவை அச்சேமிப்பில் சேரட்டும்.

தொலைபேசியில் வந்த செய்தியை விசாரிக்காமல் அனுப்பாதீர்கள். ஸூரதுல் ஹுஜுராத்தின் 6ஆம் வசனம் இதைத்தான் கட்டளையிடுகின்றது. உங்கள் விரல் நுனியிலிருந்து புறப்படும் ஒரு வதந்தி, எங்கோ ஒரு தாயின் தூக்கத்தைப் பறிக்கக்கூடும்.

வாழ்ந்து என்ன பயன் என்று ஒரு நண்பன் சொன்னால் அதை விளையாட்டாகக் கொள்ளாதீர்கள், இரகசியமாகவும் வைத்திருக்காதீர்கள். அவனைத் தனியே விடாமல், பொறுப்புள்ள பெரியவர் ஒருவரிடம் உடனே தெரிவியுங்கள். தற்கொலை ஹராம் என்பது உண்மை. அவ்வெண்ணம் வந்தவனோ நோயாளி. அவனுக்கு முதலில் தேவைப்படுவது சிகிச்சை. பொலிஸுக்கு அஞ்சி வைத்தியசாலையைத் தவிர்க்கவும் வேண்டாம். தற்கொலைக்கு முயல்வது 1998 முதல் நம் நாட்டில் குற்றமாகக் கருதப்படுவதில்லை. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எவரும் அழைத்து உதவி பெறலாம். உங்களுக்கே அவ்வெண்ணம் வருமாயின், இன்றே ஒருவரிடம் வாய்திறந்து சொல்லுங்கள். சொல்வது கோழைத்தனமன்று.

பள்ளிவாசல் நிர்வாகங்களுக்கு

ஜஃபர் (ரழி) அவர்கள் ஷஹீதானபோது, துக்கத்தில் மூழ்கியுள்ள அவரது குடும்பத்தாருக்கு உணவு சமைத்துக் கொடுக்குமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். துக்க வீட்டாரைச் சமூகம் தாங்க வேண்டும் என்பது சுன்னா. தனித்து வாழும் முதியோர், விதவைகள், நாட்கூலிக் குடும்பங்கள் ஆகியோரின் விபரத்தை மஹல்லா தோறும் இப்போதே தயாரித்து வையுங்கள். உளவளத்துணையாளரையோ வைத்தியரையோ ஆண்டுக்கு ஓரிரு முறையேனும் அழைத்துப் பெற்றோருடன் பேசச் செய்யுங்கள். நோயுற்ற குடும்பத்தின் பெயரைப் பகிரங்கப்படுத்தாதீர்கள். அடுத்த கொள்ளை நோய் வருமுன், சுகாதார வைத்திய அதிகாரியோடு நல்லுறவை வளர்த்துக்கொள்ளுங்கள். ஆபத்து வேளையில் முதன்முறையாகச் சந்திப்போரிடையே நம்பிக்கை எளிதில் பிறக்காது. நம் சமூகத்திலிருந்து தாதியரும் உளநல வைத்தியரும் உருவாக ஸகாத், ஸதகா நிதிகளிலிருந்து தகுதியான மாணவருக்குக் கைகொடுங்கள்.

அன்புச் சகோதர சகோதரிகளே! உடல் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். உள்ளமும் அவ்வாறே. நம் வீட்டாரின் உள்ளங்களும், அயலவரின் உள்ளங்களும், நமக்காக விழித்திருக்கும் தாதியின் உள்ளமும் நம் பொறுப்பில் உள்ளவையே. இன்றிரவு உங்கள் வீட்டில் அதிகம் பேசாது ஒதுங்கியிருப்பவர் யாரென்று பாருங்கள். அருகில் அமர்ந்து, எப்படியிருக்கின்றீர் என்று கேளுங்கள். பதில் வரும்வரை காத்திருங்கள்.

யா அல்லாஹ்! கொள்ளை நோயில் மரணித்தோரைப் பொருந்திக்கொள்வாயாக. இறுதிக் கடமையைச் செய்ய முடியாது தவித்தோரின் நெஞ்சங்களுக்கு அமைதியை அளிப்பாயாக. நோயாளரைப் பராமரித்த அனைவருக்கும் நற்கூலி வழங்குவாயாக. எம் பிள்ளைகளின் உள்ளங்களை உன் பாதுகாப்பில் வைப்பாயாக. ஆமீன்.